காலிக் கட்டம், கீழக்கரை

"புதுத் தொதல் இறக்கினால் மெயில் போடலாமா?"
கேள்விக்குப் பக்கத்தில் ஒரு காலிக் கட்டம்.
"நீங்களே டிக் போட்டு வச்சிருங்க லாத்தா,
எவன் பாக்கப்போறான்" என்றான்
வெப்சைட் செய்துதந்த முஸம்மில்.

பெண் கேட்டு வந்தவர்களே
நான் வாய்திறக்கக் காத்திருந்தார்கள்.
கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

பதினோரு நாளில் நாலு பேர்.
ஒன்று நானே, சரிபார்க்க.
இன்னொன்று அடுத்த தெருத் தொதல்காரர்,
என் விலை பார்க்க.
மூன்றாவது, ஷார்ஜாவில் மாமி மகள்.

வெள்ளி அஸருக்குப் பின் முதல் கடிதம்:
தேங்காய்ப்பால் வற்றுகிறது, நாளை பார்சல்.
ஐந்து நிமிடத்தில் நாலாமவர் விலகினார்.
காரணம் கேட்ட இடத்தில்
"சுகர் முந்நூத்திப் பத்து."

பதில் எழுதக் கை போனது.
விலகியவருக்கு எழுதக்கூடாது.
மஃரிப் தொழுததும் அவருக்காக ஒரு துஆ.
அதற்கு டிக் கேட்கவில்லை.