இடது பக்கம் மென்றபடி

சம்பள உறையின் பின்பக்கம்
ஆர்டிஸ் எழுதிய கணக்கு இது.
குழல்: நானூற்றுப் பத்து டாலர்.
விசை: நூற்றெண்பது.
தொலைநோக்கி:
இங்கே பேனா நின்றிருக்கிறது,
மை ஒரு சிறு குட்டையாகத் தேங்கியிருக்கிறது.
அடியில் இரட்டைக் கோடு போட்டு
ஆயிரத்து இருநூறு என்று எழுதியிருக்கிறாள்.
அதற்கு மேல் ஒரு சென்ட்டும் கிடையாது என்றாள்,
என்னிடம் அல்ல, உறையிடம்.

மொண்டானாவில், யெல்லோஸ்டோன் ஆற்றங்கரையில்,
அக்டோபர் வந்தால் ஊரெல்லாம்
வேகும் பீட் கிழங்கின் மண்வாடை.
அவள் பகலில் லாரி ஓட்டுவாள்.
நான் இரவில் ஆலைக் கொதிகலனுக்குக் காவல்.
கட்டிலின் சூட்டை மாற்றி மாற்றி வாங்கிக்கொள்ளும்
இரண்டு பேருக்கு நடுவில்
துப்பாக்கி ஒன்று குடிவந்தது,
துண்டு துண்டாக, தபாலில்.

உடல் பாகம் மட்டும் தபாலில் வராது.
அதற்கு எல்ட்ரெட் கடையில்
படிவம் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும்.
எல்ட்ரெட் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்:
"குறி பார்க்கத்தானே?
ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் ஏற்றுவதுதான் அழகு.
தானே ஏற்றிக்கொள்வது
அவசரக்காரர்கள் சமாச்சாரம்."
"நாள் முழுக்க கியரை நான்தான் மாற்றுகிறேன்," என்றாள் ஆர்டிஸ்.
"இது ஒன்றாவது தானாக நடக்கட்டும்."

குழலில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது,
அது அவள் சட்டம்.
மற்றதெல்லாம் யாரோ விட்டுப்போனவை.
கட்டை, கிளெண்டைவில் விவாகரத்தான ஒருவருடையது.
கன்னம் வைக்கும் இடத்தில்
அவர் ஒட்டிய துணிநாடா,
அதில் அவர் தாடியின் இரண்டு மயிர்.
தொலைநோக்கி, வில்லிஸ்டனில்
கண்ணில் புரை விழுந்த நில அளவைக்காரருடையது.
பணம் வேண்டாம், பனி தள்ளும் இயந்திரம் இருந்தால் போதும் என்றார்.
கொடுத்துவிட்டாள்.
அந்தக் குளிர்காலம் முழுக்க
வாசல் பனியை நான் மண்வெட்டியால் தள்ளினேன்.
ஒவ்வொரு வெட்டுக்கும்
அறுநூறு கஜம், அறுநூறு கஜம் என்று
முனகிக்கொண்டே.

விசைக்கான பணம் எங்கிருந்து வந்தது என்று
நான் கேட்கவில்லை.
வலது கடைவாய்ப் பல்லுக்கு
உறை போடத் தேதி வாங்கியிருந்தாள்.
தேதி வந்தது, போனது.
அவள் ரொட்டியை
இடது பக்கம் மெல்லத் தொடங்கினாள்.

ஏப்ரலில் காற்று கொஞ்சம் மனம் இரங்கிய ஒரு காலை.
புல்வெளிக்கு அப்பால், மேட்டில்
வெள்ளைக் காகிதம்.
அவள் தரையோடு தரையாகக் கிடந்தாள்.
நான் பக்கத்தில், கண்ணில் குழாய்.
ஒன்று.
இரண்டு.
வானம்பாடி ஒன்று எழுந்து அமர்ந்தது.
மூன்று.
நான்கு.
நான்கும் ஒரு காபிக் கோப்பையின் வாய்க்குள்.
மூச்சை விட நான் மறந்திருந்தேன்.
ஐந்தாவது,
ஒரு சாண் தள்ளி, தனியே.

பழைய துப்பாக்கியாக இருந்தால்
சொல்ல எத்தனை இருந்தது!
குழல் தேய்ந்தது, கட்டை வளைந்தது,
தோட்டா மட்டம்.
ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாளாம்.
இங்கே கூடத்தைத்தான்
ஒன்றரை வருடமாக நேராக்கியிருக்கிறோமே.
ஆடத் தெரிந்தவளும்தான்.

அவள் எழுந்திருக்கவில்லை.
துணிநாடாவிலிருந்து கன்னத்தை
மெதுவாக, ஒட்டிய தபால்தலையைப் பிரிப்பதுபோல எடுத்தாள்.
வலது கன்னம்.
உள்ளங்கையால் பொத்திக்கொண்டு
வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.
பிறகு சிரித்தாள்,
வாயை ஒரு பக்கமாகத் திறந்து.
"நாலு வரைக்கும் பொறுத்தது," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் உறையைத் தேடி எடுத்தாள்.
இரட்டைக் கோட்டுக்குக் கீழே
இடமே இல்லை.
ஓரமாக, செங்குத்தாக எழுதினாள்:
பல்: தொள்ளாயிரம்.
கூட்டிப் பார்க்கவில்லை.
நானும்
பனி இயந்திரத்தைப் பற்றி
அன்றைக்கு எதுவும் பேசவில்லை.