இரண்டு முப்பத்தெட்டு

நாற்பத்தொரு மணி பத்து நிமிடத்தை
41.10 என்று எழுதினால் தப்பு.
41.17.
கடிகாரம் அறுபதில் மடங்கும்,
காசு நூறில் மடங்கும்.
இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்
என் மேசையைப் போட்டிருக்கிறார்கள்,
டுலூத் நகரத்து மருத்துவமனை விரிப்புகளெல்லாம்
ரத்தத்தோடு வந்து
வெள்ளையாகத் திரும்பும் சலவைச்சாலையில்,
ஹீட்டருக்குப் பக்கத்தில்.

திங்கட்கிழமை காலை, முப்பத்தொரு அட்டைகள்.
நாற்பது மணிவரை, மணிக்குப் பதினேழு டாலர் இருபது.
தாண்டினால் ஒன்றரை மடங்கு,
இருபத்தைந்து எண்பது.
பெருக்கலில் ஒரு சிக்கலும் இல்லை.
எதைப் பெருக்குவது என்பதில்தான்.

இங்கே ஒரு வழக்கம்:
ஏழு நிமிடம் என்றால் உதறிவிடு,
எட்டு என்றால் கால்மணியாக ஏற்றிவிடு.
5.53க்கு அட்டை அடித்தவர்
ஆறு மணிக்கு வந்தவர்.
2.37க்கு அடித்தவர்
இரண்டரைக்கே போய்விட்டவர்.
போய்விட்டவரின் கைகள் அதற்குப் பிறகும்
ஈரம் போகாத தலையணை உறைகளை
மடித்துக்கொண்டிருந்தன;
அவை யாருடைய கைகள் என்று
என் கட்டங்களில் எழுத இடமில்லை.

ரோக்சேன் டிஃபோ.
ஐந்து நாளும் 5.53. ஐந்து நாளும் 2.37.
சாப்பாட்டு அரைமணியைக் கழித்தால்
பிசகாமல் நாற்பது.
ஓவர்டைம் கட்டத்தில் ஒரு கோடு.
அடுத்த அட்டையும் அப்படியே.
அதற்கடுத்ததும்.
கதவைத் திறப்பதும் கர்ட் ஓல்ஸ்டாட்,
இயந்திரத்தை நிறுத்துவதும் கர்ட் ஓல்ஸ்டாட்.
மனிதர் நேரம் தவறாதவர்.

ஒரு கடித உறையின் பின்பக்கத்தில்
போட்டுப் பார்த்தேன்.
நாளுக்குப் பதினான்கு நிமிடம்,
வாரத்துக்கு எழுபது,
முப்பது டாலர் பத்து சென்ட்.
கிழித்துப் போட்டுவிட்டேன்.
இல்லை, பொய். கிழிக்கவில்லை.
சாப்பாட்டு அறையில்
சர்க்கரை டப்பாவுக்கு அடியில்
அது எப்படிப் போனது என்று
கர்ட் என்னை இரண்டு முறை கேட்டார்.

அடுத்த திங்களன்று
இயந்திரம் நின்றது, 2.37.
ரோக்சேன் கோட்டை மாட்டிக்கொண்டாள்,
அட்டையைக் கையில் எடுத்தாள்,
கடிகாரத்தின் முன்னால் நின்றாள்.
சும்மா நின்றாள்.
பேருந்து வருகிறதா என்று பார்ப்பவளைப் போல.
முள் ஒரு கோடு நகர்ந்தது. அடித்தாள்.
போனாள்.

புதன்கிழமை பதினொரு பேர்.
வெள்ளியன்று வரிசை
உலர்த்தும் கூடம்வரை நீண்டது.
முப்பத்தொரு பேர், கையுறையும் குல்லாயுமாக,
ஒரு வார்த்தை இல்லாமல்
ஒரு நிமிடத்துக்குக் காவல் இருந்தார்கள்.
பின்னால் நின்றவர்களின் அட்டையில் 2.39 கூட விழுந்தது.

நிற்பது வேலை ஆகாது, டார்லா, என்றார் கர்ட்.
அட்டைக்கு நிற்பதும் தெரியாது
மடிப்பதும் தெரியாது என்றேன்.
எண்தான் தெரியும்,
விதி நீங்கள் போட்டது.

ரோக்சேனின் கணக்கை முதலில் எடுத்தேன்.
ஆறிலிருந்து 2.45 வரை,
அரைமணி போக எட்டேகால்,
ஐந்து நாளுக்கு 41.25.
பிறகு, எனக்காக மட்டும்,
வழக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு
ஒவ்வொரு நிமிடமாக எண்ணினேன்.
நாற்பத்தொரு மணி, பதினைந்து நிமிடம்.
பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக
கடிகாரமும் காசும்
ஒரே எண்ணைச் சொல்லின.
ஓவர்டைம் கட்டத்தில்
32.25 என்று எழுதும்போது
பேனாவைக் கொஞ்சம் அழுத்திவிட்டேன்,
அடியிலிருந்த தாளிலும் விழுந்திருந்தது.

அதற்கடுத்த வாரம் கர்ட்
2.36க்கே இயந்திரத்தை நிறுத்தினார்.
இரண்டு நிமிடம் நின்றார்கள்.

எனக்கு மாதச் சம்பளம், அட்டை கிடையாது.
விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தபோது
ஏரியிலிருந்து பனிக்காற்று,
வண்டியின் கண்ணாடியில் ஒரு விரல் கனத்துக்கு உறைபனி.
சுரண்டினேன்.
எத்தனை நிமிடம் என்று
பார்க்கவில்லை.