வெற்றுத் தோட்டா

"முந்நூறு மேக்னம் போதுமா,
இல்லை முந்நூற்று எழுபத்தைந்தே வாங்கிடவா?"
கடைக்குள் முழுசாய் நுழையுமுன் கேட்டார்
பூபாலன் வாண்டையார்,
மூய் ரிவர் ஷெட்டில் லாரிகளின் வயிறு கிழித்துத் தைப்பவர்.
மகள் ஸ்வீடனில். மருமகனின் சொந்தக்காரர்கள்
அக்டோபர் வேட்டைக்கு அழைத்திருக்கிறார்கள்.

போனில் படம் காட்டினார்.
சதுப்பில் முழங்கால் அமிழ நிற்கிறது மான்.
ஒட்டகத்தின் மூக்கு, குதிரைக்கு மேல் உயரம்,
தலையில் இரண்டு முறம்.
"அரை டன், கோகி. அரை டன்!
இதுக்கு பீரங்கிதான்."

பதினெட்டு வருஷமாய் இந்தப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் கவுண்டருக்குப் பின்னால்
தோட்டா அடைக்கிறேன்.
மருந்து நிறுக்கும்போது மூச்சு விட்டால்
முள் நகர்ந்துவிடும்; அவ்வளவு நுணுக்கமான தராசு.
சொன்னேன்:
ஈலண்ட் எழுநூறு கிலோ,
அதை முப்பது-ஓ-சிக்ஸால் படுக்கவைத்தவர்கள்
வெள்ளிக்கிழமைதோறும் இங்கே கறிக்கதை பேச வருகிறார்கள்.
அந்த ஊர்க்காரர்களோ
பென்சிலைவிட ஒல்லியான ஆறரை மில்லிமீட்டரால்
நூறு வருஷமாய் இதே மானை
வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.

காதில் ஏறவில்லை.
ஏன் ஏறவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

முந்தைய ஜூலைக்கு முந்தைய ஜூலை, வீனன் முட்காடு.
இதே மேக்னம். ஒரு கூடூ.
இலையில் சொட்டியிருந்த இரத்தத்தில் பச்சை கலந்திருந்தது.
தடம் பார்க்கும் ங்கோபோ விரலால் தொட்டு முகர்ந்தார்,
ஒன்றும் சொல்லாமல்
டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டார்.
ஒன்பது மணிவரை தேடினார்கள்.
விடிந்து கண்டபோது
நரிகள் முந்திவிட்டிருந்தன.
பண்ணைக்காரர் முழு விலைக்கு ரசீது எழுதினார்,
கறி இல்லாத ரசீது.
அது இன்னும் இவர் பர்ஸில் இருக்கிறது,
லைசென்ஸுக்குப் பின்னால் நாலாய் மடிந்து.

குண்டு சின்னது, அதனால்தான் என்று
அன்றே தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை ரேஞ்சுக்கு வரச் சொன்னேன்.
முதுகைக் காட்டிக்கொண்டு
நான்கு தோட்டா நானே நிரப்பினேன்.
மூன்றாவது வெறும் அலுமினியம்.

டமால். தோள் பின்னுக்குப் போனது.
டமால். தொப்பி விழுந்தது.
அப்புறம்
க்ளிக்.

அந்த ஒரு க்ளிக்குக்கு
கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்து,
குழலைக் கீழே குத்தி
தரையைச் சுடப் போனார் மனுஷன்.

பக்கத்து பெஞ்சுத் தேவர்
தன் சாண்ட்விச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பச்சைக் கொடி மட்டும் படபடத்தது.
வெகுநேரம் கழித்து,
"அன்னைக்கும் இப்படித்தானா?"
என்னைக் கேட்டாரா துப்பாக்கியைக் கேட்டாரா
தெரியவில்லை. நான் பதில் சொல்லவில்லை.

அன்று எனக்கு வியாபாரம் இல்லை.
வீட்டுப் பெட்டகத்தில் தூங்கிய பழைய முப்பது-ஓ-சிக்ஸையே
எண்ணெய் போட்டு எடுத்துவந்தார்.
எட்டு சனிக்கிழமை.
கம்பியில் ஓடும் அட்டை மான்;
மண்மேட்டின் பின்னிருந்து கயிறு இழுத்தது நான்.
முதல் வாரம் அட்டைக்குக் காயமே இல்லை.
மூன்றாம் வாரம் காது.
இடையில் ஒருநாள் கோபித்துக்கொண்டு பாதியில் போய்விட்டார்,
மறுவாரம் முறுக்கு டப்பாவோடு வந்தார்.
ஏழாவது வாரம் தோளுக்குப் பின்னால்
நாலு துளை, ஒரு சாசருக்குள்.

கிளம்பும் முன் இரண்டு பெட்டி அடைத்துக் கொடுத்தேன்,
நூற்றெண்பது க்ரெயின்.
எந்தப் பெட்டியிலும் அது எந்த மிருகத்துக்கு என்று
மார்க்கரால் எழுதிவிடுவது என் வழக்கம்:
இம்பாலா, கூடூ, காட்டுப்பன்றி.
இந்த மூக்கனுக்கு என்ன எழுத?
பழைய தமிழ் அகராதியைப் புரட்டினால்
பெரிய மான்வகை ஒன்றுக்குப் பெயர் கிடைத்தது.
அதையே எழுதினேன்.

கோயில் வகுப்பில் படித்த எழுத்து அவருக்கு.
ஒவ்வொன்றாய்க் கூட்டினார்:
க... ட... மை.
நெற்றி சுருங்கியது.
"என்ன கோகி, ஏர்போர்ட்டில்
இதுக்கு வரி கட்டணுமா?"

பெட்டிக்கு ரப்பர்பேண்டு போட்டேன்.