எதிர்க்குரல்

நாக்கை மடித்து மேலண்ணத்தில் ஒட்டி
மூச்சை உள்ளே இழுத்தால் முயல் சாகும்.
வெளியே விட்டால் சாகாது,
காற்றுதான் வரும்.
மூன்று மாதம் பழகினேன்
சைக்கிளில், மோட்டார் கொட்டகையில்,
ரேஷன் கடை வரிசையில் வாயை மூடிக்கொண்டு.

வீட்டில் கூடாது என்றாள் செங்கமலம்.
ரவிக்கை நனைந்திருந்தது.
பிள்ளையோ தூளியில் அசையாமல் தூங்கியது.
"எது நம்ம புள்ள எது உன் மொசலுன்னு
மாருக்குத் தெரியலய்யா.
வெளிய போய்க் கத்து."

மல்லாட்டை போட்டுத் தொண்ணூறாம் நாள்.
ஆற்றோரம் அரைக்காணி.
செடி செடியாகப் பறித்துப்
பருப்பைத் தின்று
தோலை எனக்கு வைத்துவிட்டுப் போகிறது நரி.
பங்காளிகூட இத்தனை சுத்தமாகப் பிரித்ததில்லை.

மச்சானின் நாட்டுத் துப்பாக்கி.
(லைசென்ஸ் பற்றிக் கேட்காதீர்கள்.)
அமாவாசைக்கு இரண்டு நாள் முந்தி
அழகியநத்தத்துக்குக் கீழே
நாணலுக்குள் உட்கார்ந்தேன்.
முதலில் ஊளை, எங்கே இருக்கிறாய் என்று கேட்க.
அப்புறம்தான் முயல்.

ஊளைக்குப் பதில் வந்தது
அக்கரையிலிருந்து.
சோரியாங்குப்பம் பக்கம்.
பாண்டி நரி.

நான் பத்தடி போனால் அது பத்தடி வந்தது.
பெண்ணையில் தண்ணீர் கணுக்காலுக்கு.
மணல் லாரி தோண்டிய பள்ளங்களைச் சுற்றி
வயிற்றால் நகர்ந்தேன்.
ஒரு முயலைச் சாகடித்தேன்.
அதுவும் ஒரு முயலைச் சாகடித்தது.
அப்போதே புரிந்திருக்க வேண்டும்,
நரிக்கு எதற்கு முயல் குரல்?
ஆசைப்பட்ட காது யோசிப்பதில்லை.

இருபது அடி.
நாணல் அசைந்தது.
விரல் வளைந்தது.
நரி இருமியது.

பீடி இருமல்.
அடிநெஞ்சிலிருந்து, நிற்காமல்,
கடைசியில் காறித் துப்பி.

"யாருய்யா அது?"
"நீ யாருய்யா?"

அந்துவான். பாகூர்.
கையில் ஈட்டி, இடுப்பில் சாக்கு.
பதினொரு கோழி போயிருக்கிறது அவனுக்கு.
"பொட்ட நரின்னு நெனச்சேன்" என்றான்
லேசாக வெட்கப்பட்டு.
"நல்லாருந்துச்சு உன் குரல்."
என்னிடம் அப்படி யாரும் சொன்னதில்லை.

துப்பாக்கியை முதுகுப்பக்கம் வைத்தேன்.
விரல் இன்னும் நிமிரவில்லை.
பார்த்தானோ, பாராததுபோல் இருந்தானோ,
அவன் ஊர் விலையில் வாங்கிய குவார்ட்டரைத்
திறந்து முதலில் எனக்கு நீட்டினான்.
எந்த மாநிலம் என்று தெரியாத மணல்திட்டு.
அவன் தம்பி பிரான்சில் இருக்கிறானாம், பணம் அனுப்புவதில்லையாம்.

பாதி பாட்டிலில் கேட்டது.
என் பின்னால், என் மல்லாட்டைப் பக்கமிருந்து
ஒரே ஒரு ஊளை.
எங்களுடையதைவிடச் சுமாரானது,
சுருதி விலகி, நடுவில் உடைந்து.
அந்துவான் வாயைக் குவித்தான்.
அப்புறம் மூடிக்கொண்டான்.

விடியும் முன் வாசலில் செருப்பைக் கழற்றினேன்.
தூளிக்குள் பிள்ளை வீறிட்டது.
உள்ளேயிருந்து செங்கமலம்,
கண் திறக்காமல்,
"போதும், நிறுத்துய்யா."