முகம் திருப்பும் வேலை

வடாலாவில் ஏறினார்கள்.
நெரிசலைப் பிளந்துகொண்டு முதலில் ஒரு கூடை,
பிறகு மாமியார், அவர் இடுப்பில் பிள்ளை,
கடைசியில் அவள்.

என் கை என்னைக் கேட்காமல் கழுத்துக்குப் போனது.
மருத்துவமனைப் பெயர் போட்ட அட்டையைத்
துப்பட்டாவுக்குள் தள்ளினேன்,
திருடனைக் கண்டு சங்கிலியை மறைப்பவள் போல.

அவள் பார்த்தாள்.
பார்த்த கண்ணை உடனே எடுத்து
கதவோரம் தோடு விற்கும் சிறுமிமேல் வைத்தாள்.
சரி.
அவளுக்கு என்னைத் தெரியாது என்றால்
எனக்கும் அவளைத் தெரியாது.
அவர்கள் முதலில் சிரித்தால் ஒழிய நாம் சிரிக்கக் கூடாது:
வேலைக்குச் சேர்ந்த அன்று கையெழுத்திட்ட தாளில்
பதினோராவது வரி.
மற்ற பத்தும் மறந்துவிட்டன.

இரண்டு வருடமாகத் தெரியாது.
எந்த விரலால் மாத்திரை எண்ணுவாள் என்று தெரியாது.
அரிசி டப்பாவின் அடியில்
எதை ஒளித்து வைத்திருக்கிறாள் என்று தெரியாது.
பிள்ளையின் ரத்தப் பரிசோதனைத் தாளை
மூன்று முறை என்னைப் படிக்கச் சொல்லிவிட்டு
நாற்காலி இருக்கத் தரையில் உட்கார்ந்து சிரித்தாளே,
அது சுத்தமாகத் தெரியாது.

மாமியாருக்கு என் பக்கத்தில் இடம் கிடைத்தது.
கைப்பேசியில் தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டார்.
"நம்ம ஊரா?"
பம்பாயில் பிறந்தவள் இதற்கு என்ன சொல்ல.
"திருநெல்வேலிப் பக்கம்."
"எங்க வேலை?"
"ஆஸ்பத்திரியில."
"நர்ஸா?"
"இல்லம்மா. பேப்பர் வேலை."
பொய் இல்லை.
அலமாரி நிறையப் பேப்பர், சாவி என் பையில்.
"என் மருமகளும் மாசாமாசம் பெரியாஸ்பத்திரிக்குப் போறா.
ரத்தம் கம்மியாம். பார்த்திருப்பியே?"
"ஆயிரம் பேர் வராங்கம்மா."
அதுவும் பொய் இல்லை.

பிள்ளைக்குத் தாளும் வரியும் தெரியாது.
என் முகத்தைக் கண்டதும் வாயெல்லாம் பல்.
துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான்,
எப்போதும் தான் கடிக்கும் அட்டை
இன்று எங்கே போனதென்று.
அதன் மூலையில் அவன் பற்கள் நாலு குழி.
"புது ஆளுன்னா அழுவான்,
உன்கிட்ட என்னமோ இப்படி ஒட்டுறான்" என்றார்.

அவள் தோடு வாங்கிக்கொண்டிருந்தாள்.
பத்து ரூபாய்த் தோட்டுக்கு
அவ்வளவு நேரம் பேரம் பேசி நான் கேட்டதில்லை.

முதல் வருடம் நான் இப்படி இல்லை.
கேன்டீனில் ஒரு கதை சொன்னேன்.
பெயர் சொல்லவில்லை,
மணிக்கட்டில் பச்சை குத்திய தேளைச் சொன்னேன்.
அடுத்த மேஜையில் ஒருவருக்கு
அந்தத் தேள் பக்கத்து வீடு.
அந்தப் பெண் பிறகு வரவே இல்லை.
கோப்பில் என் கையெழுத்தில் இருக்கிறது:
"தொடர்பு விட்டுப்போனது."
யாரால் என்று எழுத அதில் கட்டம் இல்லை.

கூடையிலிருந்து ஓர் அதிரசம் எடுத்து நீட்டினார்.
பயனாளியிடம் எதையும் வாங்கக் கூடாது,
அதுவும் ஒரு வரிதான், இப்போது ஞாபகம் வருகிறது.
இவர் பயனாளி இல்லை.
பயனாளி யாரென்று எனக்குத் தெரியாது.
வாங்கித் தின்றேன்.

குர்லாவில் இறங்கினார்கள்.
தாண்டும்போது நெரிசல் சாக்கில்
அவள் முழங்கை என் முழங்கையில் இடித்தது.
"சாரி" என்றாள்,
யாரோ ஒருத்தியிடம் சொல்வது போல.
"பரவாயில்லை" என்றேன்,
யாரோ ஒருத்தி போல.
பிள்ளை மட்டும் தோளுக்குப் பின்னால்
கையாட்டிக்கொண்டே போனான்.

வடாலா இல்லை அது.
குர்லாவும் இல்லை.
பிள்ளை பெண்ணாக இருக்கலாம்,
மாமியார் அம்மாவாக இருக்கலாம்,
தேளும் தேள் இல்லை.
அந்தப் பெரியவளிடம் சொல்லாத பொய்களை எல்லாம்
உங்களிடம் சொல்லியிருக்கிறேன்.
அதிரசம் மட்டும் நிஜம்.
கைப்பேசித் திரையில் இன்னும் எண்ணெய்.