பிடிமானம்

காற்று அன்று காலை ஆளைத் தள்ளியது.
புன்தா அரேனாஸ் நகராட்சிக்காரர்கள்
சதுக்கத்து முனையில் கயிறு கட்டியிருந்தார்கள்,
நடப்பவர்கள் பிடித்துக்கொள்ள.
யாஸ்னா மன்சில்யா அதைப் பிடித்தபடிதான்
மருத்துவமனைக்குப் போனாள்.

பதினோராவது வாரம்.
கழுத்தின் இருபுறமும் ஆலிவ் காய் அளவுக்குக் கட்டி.
மூன்று வாரமாக இறங்காத இளஞ்சூடு.
வீட்டு மாடிக்கு ஏறும்போது
நாலாவது படியில் உட்காரவைக்கும் அசதி.
கர்ப்பம் என்றால் அப்படித்தான் என்று
சொல்லாதவர்கள் இல்லை.

முத்த நோயாக இருக்கலாம் என்றார் மருத்துவச்சி ஓரியெத்தா.
அந்த ஊரில் அதற்கு அதுதான் பெயர்.
ஈவோ, போர்வெனீருக்குப் படகு ஓட்டுகிறவன்,
"யார் கொடுத்த முத்தம்?" என்று கேட்டான்.
சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.
இரவு பாத்திரம் துடைக்கும்போது
இன்னொரு முறையும் கேட்டான்.

அது இல்லை என்றது முதல் சோதனை.
அதன் பங்காளி என்றது அடுத்தது.
நீளமான பெயர். ஓரியெத்தா
சீட்டின் பின்புறம் எழுதிக் காட்டினார்:
சைட்டோமெகலோ வைரஸ்.
பெரியவர்களுக்குச் சளி மாதிரி வரும், போகும்.
போகாது, சரியாகச் சொன்னால்,
ஒரு மூலையில் படுத்துக்கொள்ளும்.
"உள்ளே இருப்பதற்கு?"
ஓரியெத்தா பேனாவை மூடினார்.
"எப்போது வந்தது என்று தெரியவேண்டும்.
பிள்ளைக்கு முன்னாலா, பின்னாலா."

யாஸ்னாவுக்கு வேலை இரண்டு வயதுக்காரர்களோடு.
பதினான்கு மூக்குகள்.
காலையிலிருந்து மாலை வரை டயப்பர்.
பல்தசார் பாதி கடித்து
அவள் வாயில் திணிக்கிற பிஸ்கட்.
வாங்கிக்கொள்வாள்,
மறுத்தால் அவன் உதடு பிதுங்கும்.
முத்தம்தான் ஈவோ,
எச்சில் முத்தம்,
பதினான்கு பேர்.

இரத்தம் சந்தியாகோவுக்குப் போகவேண்டும்.
காற்று விமானத்தை இரண்டு நாள் நிறுத்தியது.
அங்கே பார்ப்பார்களாம்,
எதிர்ப்புப் புரதங்கள் கிருமியை
எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கின்றன என்று.
புதிதாகக் கற்றவை தளர்வாகப் பிடிக்கும்,
கழுவினால் கைவிடும்.
பழகியவை உடும்புப் பிடி.

பழசாக இருக்கட்டும், பழசாக இருக்கட்டும் என்று
தன் உடம்பிடமே ஒரு பழம்பகையைக் கேட்டு
வேண்டிக்கொண்டு கிடந்தாள்.
போன வருடத்து நாட்காட்டியைப் புரட்டினாள்.
ஜூலையில் ஒரு நாள் விடுப்பு. தொண்டையா, பல்லா?
அந்தக் கட்டத்தில் "மீன் வாங்கணும்" என்று மட்டும்
எழுதியிருந்தது.

முடிவு வந்தது: இடைநிலை.
இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை.
இருபத்தோராவது வாரத்தில்
ஊசி போட்டுப் பனிநீர் எடுத்துப் பார்க்கலாம்,
அதுவரை ஸ்கேன்.
பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே பிறக்கிறார்கள்
என்றார் ஓரியெத்தா, அது உண்மையும்கூட.
அந்தப் பெரும்பாலான
வீடு வரை நாக்கடியில் கிடந்தது,
துப்பவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல்,
பழக்கொட்டையாக.
ஈவோ அன்று எதையும் கேட்கவில்லை.
அவள் செருப்பைக் கழற்றிவிட்டான்,
இரண்டு கால்களையும் மடியில் வைத்துக்கொண்டு
விளக்கைப் போட மறந்துவிட்டான்.

காப்பகத்தில் அவளை அலுவலக அறைக்கு மாற்றினார்கள்.
இப்போது வருகைப் பதிவேடும் கட்டண ரசீதும்.
நடுவில் கண்ணாடிச் சுவர்.
மூன்றாம் நாள் பல்தசார் அவளைக் கண்டுபிடித்தான்.
பிஸ்கட்டைக் கண்ணாடியில் தேய்த்தான்,
அவள் வாய் திறக்கவில்லை என்று
தன் வாயை வைத்து அழுத்தினான்.
யாரோ வந்து தூக்கிப் போனார்கள்.

கண்ணாடியின் அந்தப் பக்கம்
ஒரு சிறிய வட்டம், ஈரமாக, பிஸ்கட் துகளோடு.
மாலை வரை விட்டுவைத்தாள்.
எல்லாரும் போனபிறகு
துணி எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்த் துடைத்தாள்.
சோப்புப் போட்டுக் கை கழுவினாள்,
இருபது வரை எண்ணி.