சாட்சி மௌனம்

மண்சாலை முடிகிற இடத்தில்
முல்கா மரங்களின் பொத்தல் நிழலில்
மடக்கு மேசை விரித்து
நீதிமன்றம் கூடியது.
என் வேலை தட்டச்சு.
ஈ ஓட்டுவதும் அதில் சேர்த்தி.

"இது உங்கள் நிலம் என்பதற்கு என்ன ஆதாரம்?"
எடித் நுங்கராய் எழுந்திருக்கவில்லை.
உதட்டைக் குவித்துக் கிழக்கே காட்டினாள்.
சிவப்புக் குன்று.
வயிறு தரையோடு, வால் மணலுக்குள்.

"உடும்பு" என்றாள்.
"அந்தப் பக்கமிருந்து வருகிறது. தாகம்.
இங்கே தோண்டுகிறது.
இங்கே படுக்கிறது."

"எப்போது?" என்றார் அரசு வழக்கறிஞர்.

மொழிபெயர்ப்பவன் பேனாவைக் கடித்தான்.
அவர்கள் மொழியிலும் இறந்தகாலம் உண்டாம்.
கடை மூடியதற்கு,
கார் கண்ணாடி உடைந்ததற்கு,
தங்கை போனதற்கு
எடித் அதைத்தான் எடுப்பாள்.
உடும்புக்கு மட்டும் தரமாட்டாள்.

ஊறுகாய் என்கிறோம்.
ஊறியதா, ஊறுகிறதா, இனிமேல்தானா
என்று ஜாடியை யார் கேட்கிறார்கள்?

"சரி, பிறகு?"
"கிளிஃபர்ட் வரவேண்டும்."

கிளிஃபர்ட் ஜம்பிஜின்பா, அக்கா மகன்.
கதை அவளுடையது.
அது பிசகாமல் பார்ப்பது அவன் பொறுப்பு.
அவன் இல்லாமல் சொன்னால்
தன் வீட்டிலேயே திருடியதுபோல.
அவனுடைய டொயோட்டாவோ
நாற்பது கிலோமீட்டர் தள்ளி
டயர் வெடித்து நிற்கிறது.

தட்டினேன்: சாட்சி மௌனம்.

இரண்டு மணி நேரம்.
வழக்கறிஞர் டையைக் கழற்றினார்.
நீதிபதியின் தேநீரில் ஒரு ஈ நீந்தி ஓய்ந்தது.
மேசைமேல் கல் வைத்து அழுத்திய நில அளவை வரைபடம்
படபடத்துக்கொண்டிருந்தது.
இந்த ஊரில் ஒரு நாளும் தாகமெடுக்காத எவனோ
எங்கோ உட்கார்ந்து
அடிக்கோல் வைத்து இழுத்த கோடுகள்.
அதுவும் படைப்புக் கதைதான்.
அவன் இழுத்தபோது பக்கத்தில்
ஒரு கிளிஃபர்ட் உட்கார்ந்திருக்கவில்லை.

வந்தான். கையெல்லாம் கிரீஸ்.
முதுகைப் பாதி திருப்பி அமர்ந்தான்.
விட்ட இடத்திலிருந்து எடித் எடுத்தாள்.
எழுகிறது, நாக்கை நீட்டுகிறது,
மூன்றாம் பாறையில் முட்டையிடுகிறது...

'ட்ச்' என்றான்.

நிறுத்தினாள். விரலால் மணலில் எண்ணினாள்.
நான்காம் பாறை.

வழக்கறிஞர் நிமிர்ந்தார்:
"ஆக, சாட்சிக்குத் தவறிவிட்டது?"
கிளிஃபர்ட் அவரை அப்போதுதான் பார்த்தான்.
"அதுக்குத்தான் நான் இருக்கேன்."

வெயில் சாய்ந்தபோது குன்று
ஒரு அங்குலமும் நகரவில்லை.
உடும்புப் பிடி என்றால் என்னவென்று
வரைபடத்தின்மேல் இருந்த கல்லுக்குத் தெரிந்திருக்கலாம்.

நாற்பத்தொரு பக்கம் அனுப்பினேன்.
பதிவகத்திலிருந்து திரும்பி வந்தது:
காலப் பிழைகள் மிகுதி,
இறந்தகாலத்துக்கு மாற்றவும்.

மாற்றினேன். சம்பளம் வாங்குகிறேனே.
வந்தது, படுத்தது, எழுந்தது.
பதினேழாம் பக்கத்தில்
ஒரே ஒரு வரியைத் தொடவில்லை.

அங்கே தோண்டுகிறது.
மண் ஈரமாகிறது.